முசுறு வீட்டு விருந்தாளி

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், குரங்கைப் பார்ப்பார்கள். மாமரத்தை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? அடுத்த முறை பாருங்கள். பச்சை இலைகளைப் பந்துபோல் சேர்த்துத் தைத்த கூடு தென்பட்டால், கையை மட்டும் நீட்டிவிடாதீர்கள்! அது முசுறு என்னும் சிவப்பு எறும்பின் மாளிகை. கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சிவிடும். சிடுமூஞ்சிகளை 'முசுடு' என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இந்த எறும்பு என்ற பொருளும் உண்டு.

கூடு தைக்க நூல் ஏது? குழந்தைகள் தருகின்றன! சில எறும்புகள் அணிவகுத்து நின்று இலை ஓரங்களை இழுத்துப் பிடிக்கும். வேறு சில, புழுப் பருவத்துக் குஞ்சுகளை வாயில் கவ்வி வந்து, தறியில் நாடா ஓடுவதுபோல் இலைக்கு இலை கொண்டுபோகும். குஞ்சின் வாயிலிருந்து வரும் பட்டிழை இலைகளைப் பிணைத்துவிடும்.

இத்தனை காவல் உள்ள வீட்டிலும் அந்தக் குழந்தைகளையே தின்று வளரும் விருந்தாளி ஒருவன் உண்டு. 'லிபைரா பிராசோலிஸ்' என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுதான் அது. எல்லாக் கூட்டிலும் இராது, அபூர்வம். மலைக்கு அப்பால் கேரளத்திலும், வடக்கே சிக்கிமிலும், கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலும் முசுறுக் கூடுகளில் கண்டிருக்கிறார்கள். அதன் முதுகில் ஆமை ஓடு போன்ற தடித்த தோல். எறும்புகள் கடித்துப் பார்க்கும், பல் இறங்காது. ஓட்டின் அடியில் விருந்து நடந்துகொண்டேயிருக்கும்.

கடைசித் தோலுக்குள்ளேயே அது கூட்டுப்புழுவாகிறது. பிறகுதான் ஆபத்து. வெளிவரும் வண்ணத்துப்பூச்சிக்கு ஓடு ஏது? எறும்புகள் பாய்கின்றன. ஆனால் அதன் உடலெங்கும் உதிரும் வெள்ளைச் செதில்கள்! கடித்த வாயெல்லாம் செதில் அப்பிக்கொள்ள, எறும்புகள் திணறும் நேரத்தில் விருந்தாளி வெளியேறிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பூச்சிகளைச் சேகரித்த எப்.பி. டாட் இந்த வாழ்க்கை வரலாற்றை 1902-ல் எழுதினார்.

"பாவம் முசுறு!" என்கிறீர்களா? அதற்கு இதைவிடப் பெரிய எதிரி தோட்டத்தில் கொளுத்தும் பந்தம். மரத்தைக் கெடுக்கும் பூச்சிகளை வேட்டையாடுவது இந்த முசுறு. சீனாவில் பல நூற்றாண்டுகளாக இதன் கூடுகளை ஆரஞ்சு மரங்களில் கொண்டுவந்து கட்டினார்கள். கூடு எரிந்தால் காவற்காரனும் போவான்; வேறு வீடே அறியாத அந்த விருந்தாளியும் போவான்.

ஆகவே, அம்மணிகளே, கொல்லை மாமரத்தில் முசுறு கூடு கட்டினால் மாங்காய் பறிக்கும் கிளையை மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மற்றக் கிளைகளை அதனிடமே விட்டுவிடுங்கள்.