விரலுக்குத் தக்க வீக்கம், முற்றத்துக்குத் தக்க ஹீட்டர்

பரவையில் நின்றுகொண்டு கேஸ் ஹீட்டரைப் பற்றிப் பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும். மார்கழி விடியலில்கூட தலையில் ஒரு துண்டும் கையில் ஒரு டீயும் இருந்தால் அந்த ஊரின் குளிர் அடங்கிவிடும். ஆனால் அதே பரவையில் வேன் ஏறி வாடிப்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் போனால் சில மணி நேரத்தில் கொடைக்கானல் வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஜனவரி இரவுகளில் 8 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. அங்கே சில காட்டேஜ்களின் முற்றத்தில் குடை மாதிரி நிற்கும் கேஸ் ஹீட்டர் சிரிக்கிற விஷயமில்லை.

ஹீட்டர் வாங்குபவர்களும் வாடகைக்கு எடுப்பவர்களும் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இருக்கறதுலயே பெருசு எது?" தவறு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் அளக்க வேண்டியது இடத்தை.

அளவு என்றால் என்ன?

ஹீட்டரின் அளவு அதன் உயரமல்ல, வெப்பத் திறன். அட்டைப்பெட்டியில் அது கிலோவாட்டிலோ பி.டி.யு.விலோ இருக்கும். பி.டி.யு. எண்ணை 3,412 ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். 40,000 பி.டி.யு. என்பது 12 கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு. குடை வடிவ ஹீட்டர்களில் பல இந்த அளவுதான். காற்று இல்லாத இரவில், சுமார் ஐந்து மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இதமாக இருக்கும்.

திறந்தவெளியில் காற்றைச் சூடாக்கி வைக்க முடியாது. சூடான காற்று மேலே போய்விடும். உடம்பில் படுவது கதிர்வீச்சு வெப்பம் மட்டுமே. தூரம் கூடக்கூட அது வேகமாகக் குறையும். எனவே முப்பது அடிப் புல்வெளிக்கு நடுவில் ஒரு பெரிய ஹீட்டரை வைத்தால் அருகில் இருப்பவர் வேர்ப்பார், ஓரத்தில் இருப்பவர் நடுங்குவார். அதற்குப் பதில் இரண்டு நடுத்தர ஹீட்டர்களை இரு பக்கமும் வைப்பது நல்லது. இரண்டு பக்கம் சுவர் உள்ள பத்துக்குப் பதினைந்து அடித் திண்ணைக்கு 5, 6 கிலோவாட்டே தாராளம்.

சிலிண்டர் கணக்கு

ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. 12 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு 900 கிராமுக்கு மேல் எரிக்கும். 19 கிலோ வணிக சிலிண்டர் சுமார் 20 மணி நேரம் வரும். தினமும் நான்கு மணி நேரம் எரித்தால் ஐந்தே இரவு. வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரின் கேஸ், ஒரு சிறு குடும்பத்துக்கு ஒரு மாதச் சமையல். அதே அளவு கேஸை இந்த ஹீட்டர் 15 மணி நேரத்தில் தீர்த்துவிடும்.

குளிரில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்.பி.ஜி.யில் கலந்திருக்கும் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டித்தான் ஆவியாகத் தொடங்கும். பெரிய ஹீட்டர் வேகமாக இழுக்க இழுக்க சிலிண்டர் மேலும் குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, கேஸ் மிச்சமிருந்தும் சுடர் தணிந்துவிடும். மலையில் காற்றின் அடர்த்தியும் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கென்று அமைத்த பர்னருக்கு அங்கே காற்று போதாமல் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். அட்டைப்பெட்டியில் போட்ட திறன் மலையில் அப்படியே கிடைக்காது.

உயிர்க் கணக்கு

குளிரைப் பழகாத சமவெளிக்காரர்களின் முதல் யோசனை, நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி ஹீட்டரை உள்ளே இழுத்துக்கொள்வது. ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரியக் கொடைக்கானல் உயரத்தில் சுமார் 16 கன மீட்டர் காற்று வேண்டும். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமுள்ள கூடாரத்தில் இருப்பதே 18 கன மீட்டர். அதாவது பெரிய ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் கேட்பது ஏறக்குறைய அந்தக் கூடாரக் காற்று முழுவதையும். அது தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் தூக்கமும் வரும். தூங்கியவர் எழாமலே போகலாம். வெளியில் வைக்கச் செய்த ஹீட்டர் எந்த அளவானாலும் கூடாரத்துக்குள் வரக் கூடாது. அறைக்குள் கரி அடுப்பும் அப்படியே.

பிரான்ஸ் நாடு 2021-ல் இயற்றிய பருவநிலைச் சட்டத்தின்படி, பொது இடத்தில் உள்ள உணவகத் திறந்தவெளிகளைச் சூடாக்குவது 2022 மார்ச் 31 முதல் தடை செய்யப்பட்டது. வானத்தைச் சூடாக்க எரிபொருள் எதற்கு என்பதுதான் கேள்வி. உறைபனி பார்த்த நாடே அப்படி யோசிக்கிறது. ஆண்டில் இரண்டு நாள் மலையேறுபவர்கள் யோசிக்கக் கூடாதா?

ஹீட்டரே வேண்டாம் என்பதல்ல வாதம். வயதானவர்களும் குழந்தைகளும் வெளியில் உட்கார்ந்து சாப்பிட ஒரு சிறிய ஹீட்டர் நியாயம்தான். ஆனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஸ்வெட்டர், பிறகு காற்றைத் தடுக்கும் ஒரு சுவர், கடைசியாக ஹீட்டர், அதுவும் இடத்துக்குத் தக்க அளவில். மிச்சமாகும் கேஸ் காசில் ஒரு நல்ல கம்பளி வாங்கி, கீழே வேனுக்குள் சுருண்டு படுத்திருக்கும் டிரைவருக்குக் கொடுக்கலாம். அன்றைய இரவில் அதிகம் குளிர்வது அவருக்குத்தான்.