போதும்பொண்ணு

போதும்பொண்ணு, வேண்டாம்... இப்படியெல்லாம் பெயர் உண்டா என்று நகரத்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். அரிதான பெயர்கள்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வரிசையாகப் பெண் பிறந்த வீடுகளில் வைத்தவை. 'பெண் போதும், அடுத்தது ஆணாகக் கொடு' என்று சாமிக்குச் சொல்வதாம்! ஆக, பெயர் அவளுக்கு. வேண்டுதல் இன்னும் பிறக்காத தம்பிக்கு.

மராத்தியிலும் இப்படி ஒரு பெயர் உண்டு: 'நகுசா', அதாவது வேண்டாதவள். 2011-ல் மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் விழா எடுத்து 285 பெண்களுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பெயர் வைத்த மனசு மாற வேண்டாமா?

இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்தாயிற்று. அந்தப் பங்கை அவள் கேட்காமலே கொடுக்கிற வீட்டில்தான் இந்தப் பெயர் நிஜமாக ஒழியும்.