கரையில் கட்டிய படகின் அடிவயிறு

சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே, கதவணையால் தேக்கப்பட்டு ஏரிபோல் அகன்று நிற்கும் காவிரியின்மேல், பள்ளிப் பிள்ளைகளையும் சந்தைக்குப் போகும் குடியானவர்களையும் அவர்களுடைய மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போய்வரும் விசைப்படகுகளில் பிரயாணம் செய்தவர்கள் நம்மில் அநேகர் இருப்பர். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் இடையே ஓடும் படகுகளையும், கோவை வாலாங்குளத்திலும் ஏற்காட்டு ஏரியிலும் மிதக்கும் உல்லாசப் படகுகளையும் அறிந்தவர்கள் அதனினும் அதிகம். ஆனால் விடியற்காலையில், முதல் பிரயாணி துறைக்கு வந்து சேருமுன், படகோட்டி அடிப்பலகையைத் தூக்கிவிட்டு, இரவெல்லாம் சேர்ந்திருந்த நீரை வாய் அறுத்த பிளாஸ்டிக் கேனால் கோரிக் கோரி வெளியே ஊற்றும் காட்சியைக் கண்டவர்கள் மிகச் சிலரே. கொங்கு நாட்டுத் துறை ஒன்றில் அதைக் கண்ட நான், இவ்வேலைக்கென்று தனியாகக் கூலி உண்டா என்று கேட்டேன். "தண்ணி எறைக்கறதுக்கெல்லாமுங்களா கூலி? அதையெல்லாம் ஆருங்க குடுக்கறாங்க!" என்று சொல்லிவிட்டு, அவர் கேனை மறுபடியும் நீரில் அமிழ்த்தினார்.

அந்தப் பதிலே இக்கட்டுரைக்குக் காரணம். படகின் பத்திரத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் படகு ஓடும் நேரத்தைப் பற்றியே பேசுகிறோம்; எத்தனை பேர் ஏறினார்கள், மிதவைச் சட்டை அணிந்தார்களா, ஓட்டுகிறவருக்கு அனுமதி உண்டா என்று கேட்கிறோம். அவை யாவும் கேட்க வேண்டிய கேள்விகளே. எனினும் ஒரு படகு தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கயிற்றில் கட்டுண்டு, ஆளில்லாமல், இருட்டில் கழிக்கிறது என்பதையும், மறுநாள் அது நம்மைச் சுமக்கத் தகுதியுடையதா என்பது அந்த இரவிலேயே தீர்மானமாகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீர் எப்படி உள்ளே வருகிறது? முதலாவது மழை. முப்பதடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள கூரையில்லாத படகின்மேல் ஓரிரவில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், உள்ளே விழும் நீர் இரண்டு டன்னுக்கு மேற்படும். இரண்டாவது, சுழல்விசிறியின் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடம். அங்கே நீர் புகாமலிருக்க மசகு தோய்த்த கயிற்றைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். நம் தோட்டத்துப் பம்புகளில் 'கிளாண்டு கயிறு' என்று மெக்கானிக் சொல்லிச் சுற்றுகிற அதே கயிறுதான். தண்டு சுழலும்போது சூடேறாமலிருக்க ஓரிரு சொட்டு கசிவது அவசியம். படகு நின்றபின்னும் அது நில்லாமல் சொட்டுமாயின், கயிறு தேய்ந்துவிட்டதென்று பொருள். மூன்றாவது, குழாய் வெடிப்பு, பலகை இடுக்கு, கல்லில் உரசிய சிறு பிளவு. நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓரங்குல விட்டமுள்ள துளை ஒன்று இருந்தால், நிமிஷத்துக்கு ஏறத்தாழ 60 லிட்டர் வீதம், ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன் நீர் உள்ளே வந்துவிடும்.

அப்படிச் சேர்ந்த நீர் வெறும் பாரமாக மாத்திரம் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டையை ஓரிடத்தில் வைத்தால் அது அவ்விடத்திலேயே கிடக்கும். நீரோ, படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே ஓடிச்சென்று, சாய்வை மேலும் சாய்க்கும். அலையொன்று தட்டினால் நிமிர்ந்துவிட வேண்டிய படகு, தன் அடிவயிற்றில் புரளும் நீரினால் நிமிரும் ஸ்திரத்தை இழக்கிறது. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி 45 பேரையும், தானூரில் 2023 மே 7-ஆம் தேதி 22 பேரையும் பலிகொண்ட படகு விபத்துகளில் பிரதானமாகப் பேசப்பட்டவை படகின் அமைப்பும் ஆட்களின் மிகுதியும். அடியில் தேங்கிய நீரை அவற்றுக்குக் காரணமாகச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் ஸ்திரம் என்பது எவ்வளவு மெல்லிய இழை என்பதை அவ்விரு மாலைப் பொழுதுகளும் நமக்குக் காட்டின. இரவு நீரை இறைக்காமலே துறையைவிட்டுக் கிளம்பும் படகு, ஆள் ஏறுமுன்னரே பாரமேறிய படகு.

நம்முடைய பழைய பரிசலுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில், பரளிக்காட்டில், வனத்துறையின் ஏற்பாட்டில் மலைவாழ் மக்கள் பரிசல் ஓட்டுகிறார்களே, அங்கே போனவர்கள் கவனித்திருக்கலாம்: வேலை முடிந்தால் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட முடியும். மழை முதுகில் வழிந்து போய்விடும். விசைப்படகைக் கவிழ்க்க இயலாது. யந்திரத்தின் சௌகரியத்தை ஏற்றுக்கொண்டோமானால், அதன் வயிற்றைக் காயவைக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டவர்களாகிறோம்.

அக்கடமையைச் செய்வதற்கென்றே ஒரு சிறு பம்பு உண்டு. படகின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் அது அமர்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு மிதவை. நீர் ஏறினால் மிதவை எழும்பி மின்சாரத்தைச் சேர்க்கும், வடிந்தால் தாழ்ந்து துண்டிக்கும். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்த மிதவையில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் அது எழாது, அல்லது எழுந்தபின் இறங்காது. பம்பு 4 ஆம்பியர் கொள்வதாயின், இறங்காத மிதவை 60 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பதினைந்து மணி நேரத்தில் வெறுமையாக்கிவிடும். அதன்பின் பெய்யும் மழைக்குப் பம்பு வெறும் இரும்பே. வெளியேற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்துவிட்டால், பம்பு நின்றதும் ஆற்று நீரே அக்குழாய் வழியாக உள்ளே திரும்பும். பெட்டியின்மேல் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கோ, நீரை மேலே ஏற்ற வேண்டாத நிலையில் கிடைப்பது. ஒரு மீட்டர் உயரம் ஏற்றி, வளைந்த குழாயில் தள்ளும்போது அவ்வளவு வராது.

இவற்றை நான் ஒரு கொங்கு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கவலை கட்டிச் சாலில் நீர் இறைத்த பாட்டனாருக்குப் பேரர்களாகிய நாம், 1932-இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தபின் பம்போடே வளர்ந்தவர்கள். இந்நாட்டிலேயே சுதேசியாகச் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவது 1937-இல் ஜி. டி. நாயுடு அவர்களின் முயற்சியால் பீளமேட்டில் உருவானதே. இன்று இந்தியாவில் செய்யப்படும் பம்புகளில் ஏறத்தாழப் பாதி கோவை வட்டாரத்தினுடையது என்று தொழில்துறையார் சொல்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நம் குடியானவரின் செவி. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தபின், களத்துமேட்டில் கட்டிலில் படுத்திருப்பவர், தொலைவில் கிணற்றடியில் ஓடும் மோட்டாரின் ஒலி சற்றே மாறியவுடன் எழுந்து, பம்பு 'ஏர்' பிடித்துவிட்டதா, ஃபுட் வால்வில் இலை அடைத்துக்கொண்டதா, இன்னும் கொஞ்சம் விட்டால் காயில் புகைந்துவிடுமா என்று பார்க்கக் கைவிளக்கோடு நடப்பதை நான் சிறுவயதில் பலமுறை கண்டிருக்கிறேன். என் தந்தையார் அப்படி நடந்தவர். பம்பு என்பது வாங்கிப் பொருத்தியதோடு முடிகிற பொருளன்று, காது கொடுத்துக் காக்க வேண்டிய பொருள் என்பது அவருக்கு யாரும் கற்பிக்காத சாஸ்திரம்.

அந்தச் செவி நம் படகுத்துறைகளில் இல்லை என்பதே என் மனக்குறை. தானியங்கிப் பம்பு பொருத்தினால் போதுமே, ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் நன்கறிந்த ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில், புதுப் பம்பு பொருத்திய படகொன்று மூன்று நாள் அடைமழைக்குப்பின் விளிம்பு மாத்திரம் தெரிய அமிழ்ந்து கிடந்தது. பம்பில் பழுதேதும் இல்லை, அதன் வலைவாயை ஒரு சாக்குத் துண்டு மூடியிருந்தது. கையால் எடுத்தெறிய ஒரு விநாடி போதும். எடுத்தெறிய அங்கே ஒருவரும் வரவில்லை.

1917-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் பாராளுமன்றம் இயற்றிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம், யந்திரப் படகுகளுக்குப் பதிவையும் சோதனைச் சான்றையும் வற்புறுத்துகிறது. நல்ல சட்டம், ஆனால் சோதனை குறித்த நாளில் நடப்பது, நீரோ நாள்தோறும் சேர்வது. ஆகவே துறைகளை ஏலத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ விடும் அமைப்புகள், கட்டிய படகைக் காலையும் மாலையும் பார்த்து, மிதவையைக் கையால் தூக்கிப் பம்பு ஓடுகிறதா என்று அறிந்து, இறைத்த நீரின் அளவைக் குறிப்பேட்டில் எழுதும் வேலைக்கு ஓர் ஆளையும் அவருக்குக் கூலியையும் ஒப்பந்தத்திலேயே விதிக்க வேண்டும். இந்த அளவை எழுதிவைப்பது முக்கியம். மழையில்லாத வாரத்தில் நேற்று ஒரு வாளியும் இன்று மூன்று வாளியும் வந்ததென்றால், எங்கோ ஒரு பிளவு வளர்கிறதென்பதைப் பம்பு நமக்குச் சொல்லாது, குறிப்பேடுதான் சொல்லும்.

கோவைத் தொழிற்கூடங்களுக்கும் இதில் பங்குண்டு. தொலைபேசியில் அழைத்தால் தோட்டத்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும், மின்சாரம் வந்த செய்தியைத் தெரிவிக்கவும் வல்ல ஸ்டார்ட்டர்கள் நம் ஊரில் சாதாரணமாக விற்கின்றன. அதே உபாயத்தைப் படகுக்கு இசைவித்து, பம்பு இன்றிரவு எத்தனை முறை ஓடிற்று, பேட்டரி இறங்குகிறதா என்று படகுக்காரருக்குச் செய்தி அனுப்பும் கருவியையும், பேட்டரியைக் காக்கச் சிறு சூரியத் தகட்டையும் மலிவாகச் செய்து தருவது நம்மவர்க்கு அரிய காரியமன்று.

இன்னொன்று உண்டு. யந்திரத்தின் அடியில் சேரும் நீரில் டீசலும் மசகெண்ணெயும் கலந்திருக்கும். அதைப் பம்பு பேதமின்றி ஆற்றில் துப்பிவிடும். அந்த ஆறு நம் ஊர்களின் குடிநீர். யந்திரத்தின்கீழ் ஒரு தட்டை வைத்து எண்ணெயைத் தனியே பிடித்துக் கரையில் சேர்ப்பதும் மேற்சொன்ன ஆளின் வேலையாகவே இருக்கலாம்.

பராமரிப்புக்காகக் கதவணையின் நீரை வெளியேற்றும் நாட்களில் படகுகள் ஓடாமல் நிற்கும். கிளாண்டு கயிற்றை மாற்றவும், அடிப்பலகையின் இடுக்குகளை அடைக்கவும், பம்பின் வலைவாயைப் பிரித்துக் கழுவவும் அதைவிட ஏற்ற சமயம் வாய்க்காது. அந்நாட்களில் படகோட்டிகளுக்கு வருமானமும் இல்லை. அவ்வேலையை அவர்களுக்கே கொடுத்து, அதற்குரிய கூலியையும் அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.