பெற்றவள்மேல் ஏற்றும் பழி

பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன சிசுவின் கன்னத்திலோ நெற்றியிலோ செந்நிறப் புள்ளி ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் தடித்து வளரத் தொடங்கியவுடன், நம் வீடுகளில் முதலில் விசாரணைக்கு ஆளாகிறவள் அக்குழந்தையைப் பெற்றவள்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, மசக்கையில் எதற்கு ஆசைப்பட்டு எது கிடைக்காமல் போயிற்று, எதைக் கண்டு பயந்தாய் என்று, பிரசவத்தின் அயர்ச்சி இன்னும் தீராத அந்தப் பெண்ணை மாமியாரும் நாத்தனாரும் மட்டுமல்ல, சில சமயம் அவளைப் பெற்ற தாயுமே குடைந்து கேட்கிறார்கள். இது நமக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. கர்ப்பிணி ஸ்ட்ராபெரிப் பழத்துக்கு ஏங்கியதனால்தான் குழந்தையின் மேனியில் அப்பழம் போன்ற மச்சம் விழுந்தது என்று ஐரோப்பியரும் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

வைத்திய சாஸ்திரத்தில் ஹெமாஞ்சியோமா என்று பெயர் பெற்ற இக்கட்டி, ரத்தக்குழாய்களின் உட்புறத்தை மூடியிருக்கும் உயிரணுக்கள் அளவு மீறிப் பெருகுவதனால் உண்டாவது. புற்றுநோயோடு இதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. நூறு சிசுக்களில் ஏறக்குறைய 4 அல்லது 5 பேருக்கு இது வருகிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கும், மாதம் நிறையுமுன் பிறந்தவற்றுக்கும், இரட்டைப் பிள்ளைகளுக்கும் அதிகமாக வருகிறது; பிறக்கும்போது எடை குறையக் குறைய இதன் வாய்ப்பு கூடிக்கொண்டே போய், ஒரு கிலோவுக்கும் குறைவான சிசுக்களில் சுமார் ஐந்தில் ஒன்றுக்குக் காணப்படுகிறது. தாய் சற்று வயது முதிர்ந்து கருவுற்றிருப்பதும், கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறுவதும், நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பையின் வாயை மறைத்திருப்பதும் இந்த வரிசையில் சேர்கின்றன. இவற்றுள் எந்த ஒன்றை அந்தப் பெண் தன் சங்கற்பத்தால் வரவழைத்துக்கொண்டாள்? கருவிலே பிராணவாயு குறைவுபட்டதற்கு ரத்தக்குழாய்கள் காட்டும் எதிர்வினையே இக்கட்டி என்பது ஆராய்ச்சியாளரிடையே வலுவாக உள்ள ஓர் ஊகம். அதில் கிரகணத்துக்கு இடமில்லை.

இரண்டு சங்கதிகள் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று முடிவு கட்டுவது எத்தனை எளிதான பிசகு என்பதற்கு வைத்திய சரித்திரமே சாட்சி. லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் புகழ் பெற்ற ரண வைத்தியராயிருந்த காம்ப்பெல் டி மார்கன், புற்றுநோயாளிகளின் உடம்பில் சிறு சிவப்புப் புள்ளிகள் இருப்பதைக் கண்டு, இரண்டுக்கும் தொடர்புண்டு என்று 1872-ல் எழுதினார். புற்றுநோய் பெரும்பாலும் முதியவருக்கு வருவது. அந்தப் புள்ளிகளோ வயது ஏறினால் ஆரோக்கியமுள்ளவர் மேனியிலும் தாமே தோன்றுபவை என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அத்தனை பெரிய மேதையே இடறிய இடத்தில், நம் வீட்டுப் பெரியவர்கள் இடறுவதில் வியப்பில்லை. ஆனால் அவர் இடறியதனால் எந்தத் தாயும் கண்ணீர் சிந்தவில்லை.

தாயைக் கேள்வி கேட்பதில் கழியும் நாட்கள் குழந்தைக்குரிய நாட்கள் என்பதே என் மனத்தாங்கல். இக்கட்டி மிக வேகமாக வளர்வது ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். மூன்று மாதம் ஆவதற்குள் தன் முழு அளவில் பெரும்பகுதியை அது எட்டிவிடுகிறது. பிறகு சில ஆண்டுகளில் தானே வாடிச் சுருங்கும். அப்படிச் சுருங்குவதை இங்கிலாந்தின் லிஸ்டர் என்ற வைத்தியர் 1938-ல் பொறுமையோடு கவனித்து எழுதிய பின்னும், ஸ்வீடனில் 1920-ல் தொடங்கிய வழக்கத்தை விடாமல் 1959 வரை ஆயிரக்கணக்கான சிசுக்களின் கட்டிகளுக்கு ரேடியமும் எக்ஸ்ரேயும் வைத்தார்கள். அவர்களிடையே பிற்காலத்தில் தைராய்டிலும் மார்பிலும் புற்றுநோய் கூடுதலாக வந்தது. தானே ஆறக்கூடியதன்மேல் அவசரப்பட்டுக் கை வைத்த தீமை அது. சுண்ணாம்பு வைப்பதும் நூலால் இறுக்கிக் கட்டுவதும் அதே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றை யார் சொன்னாலும் செய்யலாகாது.

ஆயினும் எல்லாக் கட்டியையும் காத்திருந்து பார்க்க முடியாது. கண்ணிமையில் வளர்ந்தால் பார்வை கெடும். உதட்டிலும் மலத்துவாரத்தின் அருகிலும் புண்ணாகி வேதனை தரும். மூக்கு நுனியில் வந்தால் வாழ்நாள் முழுதும் வடு நிற்கும். இவற்றுக்கு 2008-ல் நல்வழி பிறந்தது. பிரான்சின் போர்தோ நகரத்து வைத்தியர்கள், இதய நோய்க்காகப் பிராப்ரனலால் என்ற பழைய மருந்தைக் கொடுத்த குழந்தையின் கட்டி, அம்மருந்தினாலேயே மங்கிச் சுருங்குவதைக் கண்டார்கள். இன்று அதுவே முதல் சிகிச்சை. சர்க்கரை தாழாமலும் நாடி தளராமலும் கவனித்து, வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து. கட்டி வளர்கிற வாரங்களிலேயே தொடங்கினால்தான் முழுப் பலன் தரும்.

குறைமாதப் பிரசவங்கள் உலகிலேயே நம் நாட்டில்தான் அதிகம். 2020-ல் மட்டும் சுமார் 30 லட்சம். முன்பு பிழைத்திராத சின்னஞ்சிறு உயிர்களை நம் அரசு ஆஸ்பத்திரிகள் இன்று காப்பாற்றி அனுப்புகின்றன. அப்படி அனுப்பும் ஒவ்வொரு குறைமாதச் சிசுவின் கையேட்டிலும், தோலில் சிவப்புத் தடிப்புக் கண்டால் ஒரு மாதத்துக்குள் வைத்தியரிடம் காட்டுக என்ற ஒரு வரியை அச்சிடுவதில் சர்க்காருக்கு என்ன செலவு? வீடு தேடி வரும் சுகாதாரச் செவிலியரும் குழந்தையின் துணியை விலக்கி உச்சி முதல் பாதம் வரை ஒரு தரம் பார்க்கட்டும். அது தவறினால், ஆறாம் வாரத் தடுப்பூசியன்றாவது பார்க்கட்டும். ஐந்துக்குக் குறையாத கட்டிகள் இருந்தால் ஈரலையும் ஸ்கேன் செய்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். தாடையும் கழுத்தும் சிவந்து தடித்திருக்கும் சிசு மூச்சு விடும்போது கரகரவென்று ஓசை கேட்டால், மூச்சுக்குழாயினுள்ளும் கட்டி இருக்கக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.