நேற்றுக் கற்ற பொத்தான் இன்று எங்கே?

ஓய்வூதியம் வரவாகும் மாதத்தின் முதல் வாரத்தில், திருவனந்தபுரத்திலுள்ள எங்கள் கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்களில் பலர் இப்போது பணம் எடுக்க வருவதில்லை. கைப்பேசியைக் காட்ட வருகிறார்கள். சென்ற மாதம் கரமனையிலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆசிரியை அவர்களுள் ஒருவர். இவ்வூர் வழக்கப்படி நாங்கள் அனைவரும் அவரை டீச்சர் என்றே அழைப்போம். துபாயில் பணிபுரியும் மகன் விடுமுறையில் வந்தபோது புதிய கைப்பேசி ஒன்றை வாங்கித் தந்திருக்கிறார். பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. பழைய இயர்போனைச் செருகத் துளையும் இல்லை. அவற்றை டீச்சர் பொறுத்துக்கொண்டார். ஆனால் வங்கிச் செயலி மூன்று நாள்களாகத் திறக்கவில்லை. “நான் ஏதோ தவறான இடத்தைத் தொட்டுவிட்டேன், சார்” என்றார், குற்றம் செய்தவரைப் போல.

அவர் எதையும் தவறாகத் தொடவில்லை. புதிய கைப்பேசியில் வங்கிச் செயலியைப் பதிவு செய்யும்போது, அது அக்கைப்பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்புகிறது. வங்கியில் பதிவான எண்ணுக்குரிய சிம் அட்டை இதே கைப்பேசியில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான்; பிறருடைய எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவர் எல்லாம் அவரது கணக்கைத் திறந்துவிட முடியாது. ஆனால் இரண்டு சிம் உள்ள கைப்பேசியில் அச்செய்தி மற்றொரு சிம்மிலிருந்து போய்விட்டால் பதிவு நின்றுவிடும். குறுஞ்செய்தி அனுப்ப இருப்புத் தொகை இல்லாவிட்டாலும் நின்றுவிடும். டீச்சருக்கு நேர்ந்தது முதலாவது. இணையம் வேகமாகக் கிடைக்கட்டும் என்று மகன் போட்டுச் சென்ற இரண்டாவது சிம்தான் காரணம். அமைப்பை மாற்றிச் சரிசெய்ய எங்கள் ஊழியருக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. திரையோ மூன்று நாளும், ஏதோ பிழை நேர்ந்துவிட்டது, பின்னர் முயலுங்கள் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ‘ஏதோ’ என்ற சொல்தான் எங்களை இக்கட்டுரை எழுத வைத்தது. என்ன பிழை என்பது இயந்திரத்திற்குத் தெரியும். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்வதில்லை.

எங்கள் தலைமுறையினர் சிறுவர்களாக இருந்தபோது, 1973இல் இந்நகரில் தொடங்கப்பட்ட கெல்ட்ரான் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பெட்டிகள் இங்கே பல வீடுகளில் இருந்தன. திருகுவதற்குச் சில குமிழ்கள், மாடியில் ஓர் ஆன்டெனா. படம் அலைந்தால் ஒருவர் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவார். கீழேயிருந்து மற்றவர்கள் குரல் கொடுப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் பெட்டியின் தலையில் ஒரு தட்டு. அக்காலத்துப் படம் இன்றையதைவிடச் சிறந்தது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் படம் வராதபோது பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் சொன்னோமே தவிர, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று எவரும் தலைகுனிந்ததில்லை. இன்று பழுது கருவியில் இருக்க, நாணம் மனிதருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கற்றுக்கொள்ளாததுதான் குறை என்று கூற இம்மாநிலத்தில் இடமில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாற ஊராட்சி 2022இலேயே முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 21 அன்று அதே அறிவிப்பு மாநிலம் முழுமைக்கும் வந்தது. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, ஏறக்குறைய 22 இலட்சம் பேரைக் கண்டறிந்து பயிற்சி அளித்தார்கள். முதியவர்களை விட்டுவிடவில்லை. பாராட்டத்தக்க பணி, அதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஐயம் வேறொன்றைப் பற்றியது. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது எழுத்துக் கற்றவர், இன்றைய நாளிதழையும் அதே எழுத்துகளைக் கொண்டு படிக்கிறார். எழுத்துகளும் மாறியதுண்டு. மலையாளத்தில் 1971இல் சீர்திருத்தம் வந்தது. தமிழில் 1978இல் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ எல்லாம் இன்றைய வடிவுக்கு மாறின. ஆனால் பழைய வடிவில் எழுதிய எவருடைய கடிதத்தையும் அஞ்சலகம் திருப்பி அனுப்பவில்லை. இரு வடிவங்களும் பல்லாண்டுகள் அருகருகே புழங்கின. செயலிகளில் அந்தப் பெருந்தன்மை கிடையாது. இடப்புறம் இருந்த பொத்தான் ஒரு காலையில் கீழே போய்விடுகிறது. ‘பணம் அனுப்பு’ என்றிருந்த இடத்தில் கடன் விளம்பரம் நிற்கிறது. பயிற்சி வகுப்பில் கற்றது அன்றோடு காலாவதி.

இது வெறும் எரிச்சலாக முடிந்தால் நாங்கள் பக்கங்களை வீணாக்கமாட்டோம். குழம்பி நிற்பவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதை முகப்பில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெட்கத்தால் கைப்பேசியையும் ரகசிய எண்ணையும் சேர்த்தே பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்கிறார். அல்லது இணையத்தில் உதவி எண்ணைத் தேடுகிறார். அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணையே வங்கியின் எண் போலப் பதிந்து வைத்திருக்கிறார்கள். மறுமுனையில் பேசுபவர் மிகப் பணிவாகப் பேசுவார்; ஒரு சிறிய செயலியை நிறுவச் சொல்வார்; அதன் வழியே இவரது திரை முழுவதும் அவருக்குத் தெரியும். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாங்கள் ஆண்டு முழுவதும் எச்சரிக்கிறோம். பிறர் உதவியின்றிப் பயன்படுத்த முடியாத கருவியைக் கையில் கொடுத்துவிட்டு அவ்வாறு எச்சரிப்பது எவ்வளவு நியாயம்? பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும், உதவி எண்ணைப் பற்று அட்டையின் பின்புறத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பதையும் இங்கே மீண்டும் நினைவூட்டுகிறோம். ஆனால் அது காயத்துக்கு மருந்துதான்.

எல்லாப் புதிய கருவிகளும் இப்படித் தொல்லை தருவதில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். மளிகை, பாத்திரம், பூ என எந்தக் கடையிலும் கல்லாவுக்கருகே கையடக்கமான ஒரு பேசும் பெட்டி இருக்கிறது. பணம் வந்ததும் தொகையை உரக்கச் சொல்கிறது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கைப்பேசியை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. போலியான திரைப்படத்தைக் காட்டி ஏமாற்றுவோரும் அதனிடம் தோற்றுப்போகிறார்கள். அதைப் பயன்படுத்த அவர் எந்த வகுப்புக்கும் போகவில்லை. என்ன தேவை என்று கடைக்காரரைப் பார்த்துச் செய்த கருவி அது.

மாறாமை என்பது சட்டத்தாலும் கூடும். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கப்படும் கைப்பேசிகளுக்கு டைப்-சி துளை கட்டாயம். வீட்டு இழுப்பறையில் ஐந்து வகைச் சார்ஜர்களைச் சேர்த்து வைத்திருக்கும் நம் அனைவருக்கும் அதன் அருமை புரியும்.

வங்கித் துறையிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 2018 சனவரியில் ரிசர்வ் வங்கி பழுப்பு நிறத்தில் புதிய 10 ரூபாய்த் தாளை வெளியிட்டபோது, பழைய தாள்களும் செல்லும் என்று சேர்த்தே அறிவித்தது. (2016 நவம்பரை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு கதை.) அதே முறையைச் செயலிகளும் ஏன் பின்பற்றக் கூடாது? முகப்புப் பக்கத்தை மாற்றினால், விரும்புவோருக்குப் பழைய முகப்பு ஓராண்டாவது கிடைக்கட்டும். பாதுகாப்புக்கான திருத்தங்கள் உடனுக்குடன் வரத்தான் வேண்டும். அவற்றுக்காகப் பொத்தான்களை இடம் மாற்ற வேண்டியதில்லை. பிழைச் செய்தி, காரணத்தையும் செய்ய வேண்டியதையும் வாடிக்கையாளரின் மொழியில் கூறட்டும். ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடம் உண்டு. அவ்வளவு பெரிய திரையில் இல்லையா?

எங்கள் பங்குக் குறையையும் சொல்லிவிட வேண்டும். இணையமே இல்லாத பொத்தான் கைப்பேசியிலிருந்தும் பணம் அனுப்ப உதவும் யுபிஐ 123பே சேவை 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. குரல் சொல்வதைக் கேட்டு எண்ணை அழுத்தினால் போதும். டீச்சரைப் போன்றவர்களுக்கு அதை நாங்கள் எடுத்துச் சொன்னது மிகக் குறைவு. புதிய செயலியைப் பதிவிறக்கச் செய்வதிலேயே எங்கள் கவனமெல்லாம் இருந்துவிட்டது.

அன்று டீச்சர் கிளம்பும் முன் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். செயலியைத் திறப்பது முதல் பணம் அனுப்புவது வரை ஒவ்வொரு படியையும் எண்ணிட்டுத் தமிழில் எழுதியிருந்தார். ரகசிய எண் அதில் எழுதப்படவில்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டோம். தொழில் பழக்கம் விடாது. மூன்றாம் படியும் ஐந்தாம் படியும் நான்கு முறை அடித்து எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் தேதி. அவருடைய ஒப்புதலோடு அந்தப் பக்கங்களைப் படியெடுத்து, எங்கள் செயலியை வடிவமைக்கும் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்.