தையலுக்கு எந்த அயன் நல்லது?



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து துண்டுத் துணியில் போர்வை தைக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டிக் கழித்த துணியைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்து, நிறம் பார்த்துப் பிரித்து, சதுரமாக வெட்டி மூட்டுகிறார்கள். நவம்பர், டிசம்பர் மழையும் குளிரும் தெரிந்தவர்களுக்கு அந்தப் போர்வையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழுவில் மாதாமாதம் போட்டு வைத்த காசில் பொதுவாக ஒரு அயன் வாங்கத் தீர்மானித்தார்கள். "மிஸ், ஸ்டீம் அயன் வாங்குறதா, சாதா அயன் வாங்குறதா?" என்று என்னிடம் கேட்டார்கள். வேறு தோட்டங்களிலும் இதே கேள்வி வருவதால் இம்மாதம் இதையே எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் லயத்தின் வயரைப் பாருங்கள். நம்முடைய பழைய லயங்கள் பலவற்றில் மின்சாரம் வந்தபோது இரண்டு பல்ப், ஒரு ரேடியோ என்ற அளவில்தான் வயர் இழுத்தார்கள். பிறகு டீவி வந்தது, கேத்தல் வந்தது, போன் சார்ஜர் வந்தது. வயர் மட்டும் அதே வயர். நான் போய்வரும் சில லயங்களில் ஒரே மீட்டரில் இரண்டு மூன்று வீடுகள் ஓடுகின்றன. லயத்தில் தீ என்று பத்திரிகையில் வரும்போதெல்லாம் 'மின்னொழுக்கு காரணமாக இருக்கலாம்' என்று ஒரு வரி கூடவே வருகிறது. ஒரு காம்பராவில் பிடித்தால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அத்தனை காம்பராவுக்கும் ஆபத்து.

கணக்கு சுலபமானது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 5 ஆம்பியர் சொக்கட் தாங்குவது 230 தர 5, அதாவது 1150 வாட். சாதா அயனின் அடியிலோ கைப்பிடியிலோ 1000 வாட் என்று போட்டிருந்தால் அது நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். 2000 வாட் ஸ்டீம் அயன் என்றால் ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட வரும். அதை 5 ஆம்பியர் சொக்கட்டில் மாட்டினால் வயர் சூடேறும், உறை இளகும். சுவருக்குள்ளோ கூரை மரத்தின் மேலோ நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டீம் அயன் வேண்டுமானால் தனி வயரில் வந்த 13 ஆம்பியர் சொக்கட் வேண்டும். மூன்று சதுர முள் உள்ள அந்தப் பிளக்தான் இன்று நம் நாட்டின் நியமம். புது அயன் அந்த முள்ளோடு வருகிறது, வீட்டில் பழைய உருண்டை ஓட்டை இருக்கிறது என்று இடையில் மாற்றி ஒன்றைச் செருகுவார்கள். அந்த இடம்தான் முதலில் கருகும். பல்ப் ஹோல்டரிலிருந்து அயனுக்கு லைன் எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஹோல்டரில் எர்த் கிடையாது. அயனின் உடம்பு உலோகம், நாம் நிற்பது ஈரச் சிமெந்துத் தரையில், வெறுங்காலோடு. இதைப் படிக்கிற யாராவது அப்படிச் செய்துகொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். பத்து நிமிடம் பாவித்தபின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் அந்தச் சொக்கட் அயனுக்கு ஆகாது.

இனி தையல். துணி உடுத்துவதற்கு அயன் பண்ணுவது வேறு, தையலுக்கு அழுத்துவது வேறு. சட்டையின் மேல் அயனை இழுத்து ஓட்டுகிறோம். துண்டுத் துணியில் அப்படி இழுத்தால், குறுக்கு வாட்டில் வெட்டிய சதுரம் நீண்டு கோணலாகிவிடும். பத்துச் சதுரம் சேரும்போது ஓரம் விரற்கடை விலகி நிற்கும். தையல்காரி தன் கையைக் குறை சொல்வாள், இயந்திரத்தைக் குறை சொல்வாள். தையல் போட்டதும் அதன் மேல் அயனை வைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு துணியை விரித்து, உள்ளே இருக்கும் கரையைக் கறுத்த நிறப் பக்கமாகச் சாய்த்து இன்னொரு முறை வைத்து எடுங்கள். வெளிர் நிறத்தில் கரை நிழலாகத் தெரியாது.

இந்த வேலைக்குப் பாரமான, அடித்தட்டு வழுவழுப்பான, நுனி கூரான சாதா அயனே நல்லது. ஸ்டீம் அயனின் அடியில் துளைகள் இருக்கும். சின்னத் துண்டை அழுத்தும்போது சிலவேளை துளையின் தடம் விழும், ஓரம் அதில் சிக்கும். ஆவி வேண்டிய இடத்தில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியை மேலே போட்டு அழுத்தினால் போதும். தினமும் நிறையத் தைத்து, கனத்த துணிகளும் தைப்பவர்களுக்கு ஸ்டீம் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கேத்தலின் உட்பக்கம் வெள்ளையாகப் படிகிற ஊற்றுத் தண்ணீர் என்றால் அதே படிவு அயனுக்குள்ளும் சேர்ந்து துளையை அடைக்கும், பிறகு வெள்ளைத் துணியில் அழுக்குத் தண்ணீரைத் துப்பும்.

கடையில் அயனைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். சூடேறியதும் சின்ன விளக்கு அணைய வேண்டும், கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிய வேண்டும். அணையாத விளக்கு என்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியில் கோளாறு இருக்கலாம், அதை வாங்காதீர்கள். வயர் துணி சுற்றியதாக, கைப்பிடியோடு சேரும் இடத்தில் ஆடாமல் இருக்கட்டும்.

திருகியில் உள்ள புள்ளிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு புள்ளி சுமார் 110 பாகை செல்சியஸ், நைலோனுக்கு. இரண்டு புள்ளி 150, பொலியெஸ்டர், பட்டு, கம்பிளிக்கு. மூன்று புள்ளி 200, பருத்திக்கு. தொழிற்சாலைத் துண்டில் எது எதுவென்று எழுதியிருக்காது. ஒரு நூலை உருவி, வாசலில் வைத்துக் குறட்டால் பிடித்து மெழுகுதிரியில் காட்டுங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். கலப்புத் துணியென்றால் சூடு தாங்காத நூலுக்கு ஏற்ற மாதிரித்தான் திருகியை வைக்க வேண்டும்.

கரி அயனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமற் போனபோது, பெட்டிக்கடியில் கிடந்த கரி அயன்கள் மறுபடி வெளியே வந்தன. நல்ல பாரம், தையலை நன்றாகப் படிய வைக்கும். சிரட்டைக் கரி நின்று எரியும். தேயிலை மிலாற்றுக் கரி சீக்கிரம் சாம்பலாகிப் பறக்கும். ஆனால் குளிரென்று கதவைச் சாத்திக்கொண்டு காம்பராவுக்குள் பாவிக்கவே கூடாது. கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும், பிறகு தூக்கம் வரும், பிறகு எழும்ப முடியாது. பக்கத்தில் பிள்ளை தூங்கினால் இன்னும் மோசம். இஸ்தோப்பில் வைத்தே பாவியுங்கள்.

அந்தக் குழு 1000 வாட் சாதா அயன் ஒன்றை வாங்கியது. மிச்சக் காசை வேலை தெரிந்த மின்னியலாளருக்குக் கொடுத்து, தைக்கிற வீட்டுக்குத் தனி வயரும் டிரிப் சுவிட்சும் போட்டார்கள். எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சுயதொழில் உதவி என்று வருகிறவர்கள் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அயனையும் வயரையும் யாரும் கொடுப்பதில்லை. அயன் என்றால் புருஷனின் சட்டைக்கு என்று எண்ணுகிறார்கள் போலும். கரண்ட் பில்லும் அப்படித்தான். 1000 வாட் அயன் ஒரு மணித்தியாலம் இடைவிடாமல் எரிந்தால் ஒரு யூனிட். யூனிட் கூடக் கூட விலையும் ஏறுவதால், மாதக் கடைசியில் "உன் தையலால்தான் பில்" என்று வீட்டில் சண்டை வருகிறது. போர்வையின் விலையில் இந்தச் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள். நூலுக்கும் ஊசிக்கும் சேர்க்கிறோம் அல்லவா? வெட்டியதை, தைத்ததைக் குவித்து வைத்து ஒரே மூச்சில் அழுத்தினால் பில் குறையும்.

அயன் மேசை கிடையாது என்று சொல்வீர்கள். பலகையின் மேல் பழைய கம்பிளியை இரண்டாக மடித்து, அதன் மேல் வெள்ளைப் பருத்தித் துணியை இறுகக் கட்டுங்கள். ஸ்பொஞ் மெத்தையின் மேல் வைக்காதீர்கள், உருகித் தீப்பிடிக்கும். காலர் கன்வஸின் பசை அடித்தட்டில் ஒட்டினால் கத்தியால் சுரண்ட வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, இளஞ்சூட்டில் இருக்கும்போது, தடித்த பருத்தித் துணியில் உப்பைத் தூவி அதன் மேல் தேய்த்தால் விட்டுவிடும்.