மேடை போட்டாயிற்று, கணக்கு எங்கே?

இளைஞனே! நிதி திரட்டுவது இன்று சம்பள உத்தியோகம். தவறில்லை; ஸகாத் வசூலிப்போருக்கும் அதிலேயே பங்கு வைத்திருக்கிறது மார்க்கம். ஆனால், எதைக் காட்டி வசூலிக்கிறாய்?

2015 வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களில் முதல்வர் படம் ஒட்டியவர்களைப் பார்த்து நாடே முகம் சுளித்ததே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் வலையையும் படகையும் கறுப்பாக்கியது. பிழைப்பை இழந்த அந்த மீனவன் கையில் அரிசிப் பையைக் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்வதற்குப் பெயர் சேவையா? அவன் முகம் உன் சுவரொட்டிக்கு முதலா?

ராயபுரத்து வணிகர்களே! மண்டப வாடகை, பிரியாணி, பொன்னாடை (அதுவும் எத்தனை பேருக்கு!) போக, எண்ணூருக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று கேளுங்கள். கணக்குக் காட்டாத மேடைக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்!